சொற்கடல் கேட்ட விடை

கொன்றையூர் அரசர் கீர்த்திமாறருக்குச் சண்டை போட எதிரி இல்லை. இருந்த எதிரிகளும் இவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. பொழுது போகாமல் தவித்தவர், ஒருநாள் தமிழை வளர்ப்பது என்று முடிவு செய்துவிட்டார். தமிழுக்குப் பிடித்தது சனி.

வளர்க்கும் வழியைச் சொன்னவர் அவைப்புலவர் அம்பலவாணர். ‘சொற்கடல்’ என்ற பட்டத்தை அவரே எழுதி, அரசரிடம் கொடுத்து, அரசர் கையால் வாங்கிக்கொண்டவர்.

“நண்பர்களாகச் சேர்ந்து விளையாடுவோம், மன்னா! தினம் காலையில் நான் ஒரு புதுச்சொல் சொல்வேன். பொழுது சாயும்வரை எல்லாரும் அதைத்தான் பேச வேண்டும். வழக்கமான சொல்லை வாய்தவறிச் சொன்னால் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு வெறுந்தலையோடு உட்கார வேண்டும்!”

அரசர் கைதட்டினார். அரசர் தட்டினால் சபையும் தட்டியாக வேண்டும், தட்டியது.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் ‘கரவடர்’ என்ற சொல் வந்தது. திருடர் என்று பொருள். அன்று பார்த்து அரண்மனைக்குள் ஒருவன் புகுந்து வெள்ளிக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். காவல்காரன் பார்த்துவிட்டான். ஆனால் “திருடன்” என்று கத்தினால் தலைப்பாகை போய்விடும். ‘கர... கரடி... கரகம்...’ என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் விளக்கு ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது.

இன்னொரு நாள் சொல் ‘கறி’. பழந்தமிழில் மிளகு. அது மறந்துபோன அரசர், “இன்று கறி தாராளமாக இருக்கட்டும்” என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டார். விதி விதிதானே? பந்தியில் முதல் கவளத்திலேயே அரசருக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

பக்கத்து இலையில் இருந்தவன் உடையப்பன். அரசரின் பால்யத் தோழன், வாய்த்துடுக்குக்காரன். சும்மா இருப்பானா?

“சொற்கடல் வளர்த்த தமிழ், மன்னர் மூக்கில் வழிகிறது. யாராவது துடைத்துவிடுங்களப்பா!”

பந்தியே சிரித்தது. அம்பலவாணர் மட்டும் சிரிக்கவில்லை. இவனை ஊரைவிட்டே துரத்தாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டார்.

மறுநாள் அவர் அரசர் காதில் ஏதோ ஓதிவிட்டுச் சபையில் எழுந்தார். “இன்றைய சொல் ‘கவிளஞ்சி’. இதன் பொருளை உடையப்பன் சொல்லட்டும். தமிழைப் பழிக்கிறவனுக்குத் தமிழ் தெரிகிறதா பார்ப்போம்.”

உடையப்பன் விழித்தான். எந்த நிகண்டிலும் அந்தச் சொல் இல்லை. எப்படி இருக்கும்? காலையில் பல் விளக்கும்போது அம்பலவாணர் தாமே செய்துகொண்ட சொல் அது.

மூக்கெரிச்சல் இன்னும் ஆறாத அரசர் கர்ஜித்தார். “நாளைக் காலை விடையோடு வா, உடையப்பா. விடை இல்லாமல் வந்தால் அப்படியே நாட்டை விட்டுப் போய்விடு!”

 பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உடையப்பன் எங்கே போவான்? ஆனாலும் கவலையைக் குரலில் காட்டிக்கொள்ளவில்லை.

“விடை வந்தால் போதுமா, மன்னா?”

“போதும்!”

“சொற்கடலுக்கும் சம்மதமா?”

“விடை வரட்டும் அப்பனே, வரட்டும்” என்று அம்பலவாணர் மீசையைத் தடவினார்.

மறுநாள் சபை கூடியது. வாசலில் தடதடவென்று சத்தம். அரண்மனைத் தொழுவத்திலேயே பொல்லாத செவலைக் காளையைப் பிடித்துக்கொண்டு உடையப்பன் உள்ளே வந்தான். அது நேராக அம்பலவாணரைப் பார்த்துக் கொம்பை ஆட்டியது.

“மாடு! மாடு! ஐயையோ, யாராவது பிடியுங்களேன்!” என்று அலறிக்கொண்டு சொற்கடல் தூணுக்குப் பின்னால் ஓடினார். அந்தச் சபையில் எல்லாருக்கும் புரிகிற மாதிரி அவர் பேசியது அன்றுதான்.

உடையப்பன் காளையைத் தூணில் கட்டினான்.

“என்னடா இது?” என்றார் அரசர்.

“நீங்கள் கேட்ட விடை, மன்னா.”

“விளையாடுகிறாயா? இது காளை!”

“சிவபெருமானை ‘விடையேறும் பெருமானே’ என்று சொற்கடல் தினமும் கோயிலில் நின்று உருகுகிறாரே! சுவாமி ஏறி வருவது காளை மேலா, கேள்விக்குச் சொன்ன பதில் மேலா?”

அரசர் திரும்பினார். “புலவரே, விடை என்றால் காளையா?”

“உண்டு... இருந்தாலும்...”

“உண்டென்றால் உண்டு. நான் கேட்டது வந்துவிட்டது. இவன் போக வேண்டியதில்லை.”

அம்பலவாணர் துடித்தார். “கவிளஞ்சிக்கு இவன் பொருள் சொல்லவே இல்லையே!”

“அதுவா? ஒரு பூ” என்றான் உடையப்பன் அலட்சியமாக.

“பூவா? மூடனே, அது ஒரு மீன்!”

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மீனா? நேற்று என் காதில் பறவை என்றீரே?”

சொற்கடல் வற்றிப்போனார். “அது... பறக்கிற ஜாதி மீன், மன்னா...”

சபை வெடித்தது. தலைப்பாகை இழந்தவர்கள் எல்லாரும் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அம்பலவாணருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாம் போகிறேன் என்றால் அரசர் காலைப் பிடித்துக் கெஞ்சுவார் என்று ஒரு நம்பிக்கை.

“தமிழ் தெரியாத இந்தச் சபையில் இனி ஒரு கணமும் இருக்கமாட்டேன். எனக்கு விடை கொடுங்கள், மன்னா!”

அரசர் உடையப்பனைப் பார்த்தார். உடையப்பன் தூணில் இருந்த கயிற்றை மெல்ல அவிழ்த்து, பணிவாகப் புலவர் கையில் திணித்தான்.

“கொடுத்தோம்!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் அரசர். “கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் புலவரே, முட்டும்!”