பூசலாங்குறிச்சிக் கல்யாணத்தில் இத்தாலிச் சாப்பாடு

பூசலாங்குறிச்சியில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. ஆளுக்கு ஒரு மூட்டை வைத்திருந்தார்கள். யாரும் அதை அவிழ்த்ததில்லை, அவ்வளவுதான். அந்த ஊரில் கல்யாணப் பந்தி பரிமாறும் கோஷ்டிக்குத் தலைவன் கோதண்டம். அவன் சாம்பார் வாளியோடு ஓடிவரும் அழகைப் பார்ப்பதற்காகவே மறுசோறு வாங்கியவர்கள் உண்டு.

அப்பேர்ப்பட்டவன் பிழைப்பில் மண் விழப் பார்த்தது. அரிசி ஆலை முதலாளி ஆவுடையப்பன் வீட்டில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சென்னைக்காரர்கள். மத்தியானப் பந்தியில் இத்தாலிச் சாப்பாடுதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்கள்.

"உனக்கு அதெல்லாம் எங்கடா தெரியும்? பட்டணத்து ஆளுங்களத்தான் கூப்பிடணும்" என்றார் முதலாளி.

இந்தக் கல்யாணம் கைவிட்டுப் போனால் அப்புறம் ஊரில் காதுகுத்துக்குக்கூட ஒருவனும் கூப்பிட மாட்டான். "ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும் ஐயா, அச்சு அசலா செஞ்சு காட்டிடறேன்" என்று கோதண்டம் கெஞ்சினான்.

"சரி. சம்பந்தி சொன்ன பெரிய ஓட்டல்ல உங்களுக்கு மேசை பிடிச்சுத் தரேன். போய்ச் சாப்பிட்டு வாங்க. அன்னிக்கு உங்களுக்கு என்னென்ன நடக்குதோ, அதெல்லாம் இங்கயும் நடக்கணும். ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஞாயித்துக்கிழமை எனக்குச் செஞ்சு காட்டு. சரியா வந்தா கல்யாணம் உனக்கு."

இலை போடும் தங்கப்பழத்தையும் தண்ணீர் ஊற்றும் சுப்பராயலுவையும் கூட்டிக்கொண்டு கோதண்டம் சென்னைக்கு பஸ் ஏறினான்.

ஓட்டலில் மூவரும் உட்கார்ந்ததும், கோட்டுப் போட்ட பரிமாறுகிறவர் ஆளுக்கொரு வெள்ளைத் துணியை மடியில் விரித்தார்.

"அண்ணே, இங்க இலைய மடியில போடறாங்க" என்றான் தங்கப்பழம்.

"பேசாதே. பாத்துக்க."

முதலில் சூப் வந்தது. சுப்பராயலு கிண்ணத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனான். கோதண்டம் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"எல்லாம் வந்து சேராம இலையில கை வைக்கிறவன் மனுசனாடா? உப்பு வரல, பொரியல் வரல, அப்பளம் வரல. அதுக்குள்ள என்ன பறக்கற?"

மூவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சூப் ஆறி ஆடை கட்டியது.

"பிடிக்கலையா சார்? எடுத்துடட்டுமா?" என்று பரிமாறுகிறவர் கவலையோடு கேட்டார்.

பரிமாறுகிறவனை எதிர்த்துப் பேசுவது கோதண்டத்தைப் பொறுத்தவரை மகாபாவம். அப்படிப் பேசியவர்களிடம் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனால் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினான். சூப் போய்விட்டது.

அடுத்து, கோலமே போடலாம் போல அகலமாக ஒரு தட்டு வந்தது. நடுவில் சதுரமாக மூன்று கொழுக்கட்டை. அதன்மேல் அவர் பெரிய மரக்குழவி ஒன்றைத் திருகி மிளகுப்பொடி தூவினார்.

"இவ்ளோ இடம் காலியா கிடக்கே அண்ணே!"

"அதான் சொல்றேன், இன்னும் நிறைய ஐட்டம் பாக்கி இருக்கு. பொறு."

பொறுத்தார்கள். கொழுக்கட்டையும் போயிற்று. காளான் போட்ட குழைந்த சோறு வந்து, மணத்து, அதுவும் போயிற்று. கோதண்டத்தின் வயிறு கத்தியது பக்கத்து மேசைவரை கேட்டது. விஷயம் எட்டி மேனேஜரே ஓடி வந்தார். கல்யாண வீட்டுக்காரர் பந்தி விசாரிக்க வருகிறார் என்று சுப்பராயலு மரியாதையாக எழுந்தான். அவன் முழங்கை பட்டுத் தண்ணீர் முழுதும் கோதண்டத்தின் மடியில் கொட்டியது. மேனேஜர் "ஸாரி சார், ஸாரி சார்" என்று தாமே துடைத்தார். கடைசியில் காப்பி நிறத்தில் ஓர் இனிப்பு வந்து, முகத்தைக் காட்டிவிட்டுப் போனது.

வெளியே வந்ததும் தங்கப்பழம் கேட்டான்: "அண்ணே, நாம சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"எனக்குப் பசிக்குதே?"

"இத்தாலிச் சாப்பாடு அப்படித்தான். காட்டுவாங்க, எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"பக்கத்து மேசையில தின்னாங்களே?"

"நாகரிகம் தெரியாதவங்க" என்றான் கோதண்டம்.

எதிர்ப்பக்கம் ஒரு பரோட்டாக் கடை இருந்தது. அங்கே பரோட்டாவும் சால்னாவும் ஒரே இலையில் சேர்ந்தே வந்தன. காத்திருக்க ஒன்றும் இல்லாததால் மூவரும் வெளுத்துக்கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி மடியில் துணி விரித்தார்கள். சூப்பை வைத்தார்கள், எடுத்தார்கள். கொழுக்கட்டை வைத்து, பக்கத்தில் உரலைப் போட்டு உலக்கையால் மிளகு இடித்துத் தூவினார்கள். முதலாளி கையை நீட்டினார். கோதண்டம் "எடுத்துடட்டுமா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே தட்டைத் தூக்கினான். குழைந்த சோறு போனதும் சுப்பராயலு ஒரு செம்புத் தண்ணீரை அவர் மடியில் கொட்டினான். "ஸாரி சார், ஸாரி சார்" என்று தங்கப்பழம் துடைத்தான். இனிப்பும் வந்து போனது.

"சாப்பாடு எங்கடா?" என்றார் முதலாளி.

"இப்பத்தான் சாப்பிட்டீங்க ஐயா."

"அப்போ அன்னிக்கு நீங்க பட்டினியாவா வந்தீங்க?"

கோதண்டம் தலையைச் சொறிந்தான். "எதுத்தாப்ல பரோட்டா சாப்பிட்டோம்."

முதலாளி நனைந்த வேட்டியோடு துள்ளி எழுந்தார். "ஒண்ணு குறையக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? பரோட்டாவ மறைச்சுட்டியே, படுபாவி!"

கல்யாணம் கையை விட்டுப் போகிறதே என்று கோதண்டத்துக்கு அழுகை முட்டியது. "அந்தக் கடை சென்னையில இருக்குங்களே ஐயா!"

முதலாளி வேட்டியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். "இருந்தா என்ன? பஸ் இல்லையா?"

கல்யாணம் கோதண்டத்துக்கே கிடைத்தது. தாலி கட்டி முடிந்ததும் பந்தி நடந்தது. எல்லாவற்றையும் காட்டி, எடுத்து, ஒருவர் விடாமல் மடியை நனைத்து, ஸாரி சொல்லி முடித்தார்கள். பிறகு மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளையையும் சேர்த்துக் கூட்டம் மொத்தத்தையும் பஸ்களில் ஏற்றினார்கள். பொழுது சாய்ந்து கடை வாசலில் இறங்கியபோது பசியில் யாருக்கும் பேச்சு வரவில்லை. ஆளுக்கு நாலு பரோட்டா உள்ளே போன பிறகுதான் கண் தெரிந்தது.

சம்பந்திக்குச் சொந்த வீடே அடுத்த தெருவில்தான். கை கழுவிக்கொண்டு, "அப்போ நாங்க அப்படியே வீட்டுக்குக் கிளம்பறோம்" என்றார்.

கோதண்டம் பதறிப்போய்க் குறுக்கே நின்றான்.

"அது எப்படிங்க? அன்னிக்கு நாங்க சாப்பிட்டு முடிச்சு பூசலாங்குறிச்சிக்கில்ல திரும்பினோம்! ஏறுங்க ஐயா, பஸ் கிளம்பப் போகுது."