யானை இறங்கும் வயல்கள்

மலையடிவாரத்து ஜமீன் ஒன்றில் அறுவடைக்கு ஐந்தே நாள் இருந்தது. வாய்க்காலும் யானைத்தடமும் சேர்ந்து வரும் வயலில்தான் யானை இறங்கும். "அந்த வயல்களை எழுதிக் கொடுங்கள், காவல் போடுகிறேன்" என்றார் ஜமீன்தார்.

"ஒவ்வொரு வயல் ஓலையையும் எல்லா வாய்க்கால் ஓலையோடும், எல்லாத் தட ஓலையோடும் ஒத்துப்பார்க்கணும். ஆறு மாதமாகும்" என்றார் ஜமீனின் நிலக்கணக்கு ஓலைக்கிடங்கு அதிகாரி சேஷகிரி ராயர்.

கிடங்கில் தூசி தட்டுகிற வேலாத்தாள், ஓலைகளை எப்போதோ ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டியிருந்தாள். தட ஓலைகள் நாலே நாலு. அந்தத் தடங்கள் போகும் ஏழு ஊர்க் கட்டுகளை மட்டும் பிரித்து, அவற்றிலுள்ள வயலையும் வாய்க்காலையும் தடத்தோடு ஒத்துப்பார்த்து, மறுநாளே பட்டியலை ஜமீன்தாருக்கு அனுப்பிவிட்டாள்.

ராயர் ஜமீன்தாரையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் பாய்ந்து வந்தார். "பத்தாயிரம் ஓலையையும் பார்த்தாயா?"

"இல்லைங்க சாமி. முக்கால்வாசியைத் தொடவேயில்லை."

"கேட்டீர்களா, பித்தலாட்டம்!"

"என்னைத் தேடி வந்தீங்களே, ஊருக்குள்ள எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுனீங்க சாமி?"

"எதற்குத் தட்டணும்? நீ கிடங்கில்தானே இருப்பாய்?"

"யானையும் அது தடத்துலதானே சாமி இருக்கும்."

ஜமீன்தார் பட்டியலைக் காவல்காரர்களிடம் கொடுத்தார். ராயர் கையில், ஒத்துப்பார்க்க எடுத்த முதல் வயலின் ஓலை இன்னும் முடியாமல் அப்படியே இருந்தது.