கொம்பையா வீட்டு நெருப்பு

தீப்பெட்டி பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை இது. எவ்வளவு முன்னால் என்று கேட்காதீர்கள். எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஒரு ராஜா இருந்தார். மற்ற கதைகளில் ராஜா முதலிலேயே வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொள்வார். இந்தக் கதையில் கடைசியில்தான் வருவார். அதுவரை காத்திருக்கட்டும், அவருக்கு என்ன அவசரம்?

சங்குமுனை என்று கடலோரத்தில் ஒரு பட்டணம். அங்கே நங்கூரத் தெரு என்று ஒரு தெரு. கப்பலில் மூட்டை ஏற்றுகிறவர்கள், இறக்குகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், கிழங்கு அவித்து விற்கிறவர்கள், எல்லாரும் அன்றாடங்காய்ச்சிகள். வீட்டுக்கு வீடு ஓலைக்கூரை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் "என்ன, சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட தெரு அது.

அந்தக் காலத்தில் அடுப்பு அணைந்துபோனால் பக்கத்து வீட்டுக்குத்தான் போகணும். உடைந்த சட்டியின் ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் நெருப்பு தாங்க" என்று வாசலில் நிற்கணும். நேற்று குடுமிப்பிடிச் சண்டை போட்ட வீடாக இருந்தாலும் நிற்கணும். பாதிச் சண்டை அப்படியே தீர்ந்துபோகும். இப்போது குச்சியைக் கிழித்தால் தீ வந்துவிடுகிறது. சௌகரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வாசலில் போய் நிற்கிற வேலை நமக்கு இல்லாமல் போச்சே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நெருப்பு வாங்கப் போவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாது, கொடுக்கிற வீட்டு அடுப்பில் ஒரு சுள்ளியாவது வைக்கணும். அந்த வீட்டு உலை கொதிக்கும்வரை ஊதிக் கொடுக்கணும். பானை ஏறாத வெற்று அடுப்பிலிருந்து நெருப்பு எடுக்கக் கூடாது. இதையெல்லாம் மறந்தால் வாங்கின நெருப்பு பற்றாது என்பார்கள். பற்றுமோ பற்றாதோ, சோதித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

நங்கூரத் தெருவின் கடைசி வீட்டில் கொம்பையா என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. "சுமைக்குக் குனிவேன், சோத்துக்குக் குனிய மாட்டேன்" என்பது அவர் பேச்சு. ஒருவர் கையாலும் இனாமாக ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. மனுஷர் வீம்பு பிடித்தவர், ஆனால் நல்லவர்.

அந்தக் கொம்பையா படுத்துவிட்டார். வயிற்றில் ஒரு கட்டி. வைத்தியர் வந்து நாடி பார்த்தார். வலிக்குக் கஷாயம் சொன்னார். வெளியே வந்து தெருக்காரர்களிடம், "இனி குணமாக்க வழி இல்லை. நோகாமல் போக வழி செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் பட்டணத்தின் பெரிய வணிகர் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். அனுப்பினவர் சும்மா அனுப்பியிருக்கலாம். "கொம்பையாவுக்கு வணிகர் தருமம்!" என்று தமுக்கு அடித்து அனுப்பினார். கொம்பையா படுத்தபடியே சொன்னார்: "இந்த மூட்டையை எத்தனையோ தடவை நான் தூக்கியிருக்கேன். இன்னிக்கு என்னால தூக்க முடியாத கனமா இருக்கு. எடுத்துட்டுப் போங்கய்யா."

அடுத்து அரண்மனையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆதரவற்ற நோயாளிகளுக்கென்று ராஜா ஒரு சத்திரம் கட்டியிருந்தார். பளிங்குத் தரை, பட்டு மெத்தை, விசிற ஆள். கொம்பையாவைக் கூட்டிப்போகப் பல்லக்கே கொண்டுவந்தார்கள். கொம்பையா கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "சுமந்தவன்யா நான். என்னை யாரும் சுமக்க வேண்டாம். சாகிறதுன்னா என் கூரையைப் பாத்துக்கிட்டே சாகிறேன்."

மூன்றாவதாகத் தெருக்காரர்களே போனார்கள். ஆவுடை என்று ஒருத்தி, கிழங்கு அவித்து விற்கிறவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவள் கஞ்சி கொண்டுபோனாள். கொண்டுபோனவள் வாசலிலேயே, "ஐயோ மாமா, உங்களுக்கு யாருமே இல்லையே!" என்று ஒப்பாரி வைத்துவிட்டாள். கிழவருக்கு வந்ததே கோபம்! "ஏட்டி, நான் இன்னும் சாகல. கலயத்தைத் தூக்கிட்டு நட."

"அப்படியா? பட்டினி கிடந்து சாவும்!" என்று திட்டிவிட்டு வந்தாள் ஆவுடை. வந்து தன் வீட்டில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் ஐப்பசி அடைமழை. ஆவுடை வீட்டுக் கூரை ஒழுகி அடுப்பு அணைந்துபோனது. கிழங்கை அவித்தால்தானே விற்க முடியும்? அக்கம்பக்கத்து அடுப்புகளும் மழையில் அணைந்திருந்தன; நெருப்பு இருந்தது கொம்பையா வீட்டில் மட்டும்தான். குளிருக்கு நாலு சுள்ளியைப் போட்டு மூட்டம் வைத்திருந்தார். ஆவுடை யோசித்தாள். நேற்றுத்தான் "சாவும்" என்று சொல்லியிருக்கிறோம், இன்றைக்கு எந்த முகத்தோடு போவது? வேறு வழியில்லை. சட்டி ஓட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"மாமா, கொஞ்சம் நெருப்பு தாங்க."

நம்ப மாட்டீர்கள். எழுந்திருக்கச் சிரமப்பட்டுக் கிடந்த மனுஷர் முழங்கையை ஊன்றி எழுந்தார். நகர்ந்து நகர்ந்து அடுப்படிக்கு வந்தார். சாம்பலைக் கிளறினார், ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். நல்ல சிவந்த கங்காகப் பார்த்து எடுத்து அவள் ஓட்டில் வைத்தார். "எடுத்துக்க. பாத்துப் போ, காத்தடிக்குது" என்றார். வெகுநாளாகச் சுருங்கிக் கிடந்த அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

ஆவுடை புறப்பட்டவள் நின்றாள். வழக்கம் ஞாபகம் வந்தது. ஒரு சுள்ளி வைத்தாள். அடுப்பில் உலை இல்லை. வெற்று அடுப்பிலிருந்து நெருப்பு எடுக்கக் கூடாதே! பானையை ஏற்றினாள், மடியிலிருந்த ஒரு பிடி நொய்யரிசியைப் போட்டாள், கொதிக்கும்வரை ஊதினாள். கிழவர் தடுக்க வாயைத் திறந்தார்.

"வழக்கம் மாமா. நான் ஒண்ணும் உங்களுக்குச் செய்யல. என் நெருப்பு பத்தணும்ல?"

கிழவர் ஒரு சுள்ளியை அடுப்புக்குள் தள்ளிவிட்டார். அவள் போன பிறகு அந்தக் கஞ்சியைக் குடித்தார்.

அன்றைக்கு ஆவுடை வீடு வீடாகப் போனாள். "எல்லாரும் ராத்திரி அடுப்பைக் குளிர வச்சிருங்க. காலையில கொம்பையா மாமா வீட்டுக்கு நெருப்புக்குப் போங்க."

"அடியே, அடுப்பைக் குளிர வைக்கிறதா? வீட்டுக்கு மூதேவி வந்திருவாளே!" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மூதேவி வந்தா என் வீட்டுக்கு அனுப்பு, நான் பாத்துக்கிடுதேன். அடுப்புல தீயை வச்சுக்கிட்டு இல்லைன்னு போய் நின்னா மாமா மோப்பம் பிடிச்சிருவார். நிசமாவே இல்லாம போகணும்."

தினமும் அப்படியே செய்தார்கள். காலையில் ஒருத்தி நெருப்புக்கு வந்து உலை வைத்தாள். அடுத்தவள் வந்து, உலை கொதிக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று கிழவரைப் புரட்டி முதுகைத் துடைத்தாள். படுக்கைப் புண் வராமல் வாழையிலை விரித்தாள். நாவிதர் மாடசாமி நெருப்புக்கு வந்தார். "அண்ணாச்சி, வெந்நீர் வீணாப் போகுதே" என்று சொல்லி முகம் மழித்துவிட்டார். துறைமுகத்து ஆட்கள் வேலைக்குப் போகிற வழியில் கங்கு கேட்டு வந்து, போகும்போது அழுக்குத் துணியை எடுத்துப் போய் அலசிப் போட்டார்கள். எல்லாருக்கும் கொம்பையா கையால்தான் கங்கு. கை நடுங்க ஆரம்பித்தபோது ஆவுடை இடுக்கியைப் பிடித்துக்கொண்டாள், கங்கைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். "அது வேண்டாம், சாம்பல் பூத்துப்போச்சு. இந்தா, இதை எடு" என்று அதட்டுவார். என்ன அதிகாரம்! கேட்கக் கேட்க அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஒருநாள் ஆவுடை இளநீரில் துணியை நனைத்து அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருந்தாள். கிழவர் மெல்லச் சொன்னார்: "ஆவுடை, எனக்குச் சாவு பயமில்லை. குழிக்குத்தான் பயம்."

அந்தப் பட்டணத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஓரடுப்பு நெருப்பில் உண்டவர்கள்தான் உறவு; உறவுதான் கொள்ளி வைக்கலாம். உறவில்லாதவர் செத்தால் காவலர்கள் வந்து அடுப்பை அணைத்து, பாயில் சுருட்டி, கடற்கரைக் குழியில் போட்டுவிடுவார்கள்.

"அப்படிச் செத்தவங்கள நானே தூக்கிட்டுப் போயிருக்கேன்" என்றார் கொம்பையா. "கூலிக்கு. பேரு என்னன்னுகூட யாரும் கேக்கல. நானும் கேக்கல."

"அப்படியெல்லாம் நடக்காது மாமா" என்றாள் ஆவுடை. எப்படி நடக்காமல் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசிக் காலை வந்தது. வழக்கம்போல எல்லாரும் நெருப்பு வாங்கிப் போனார்கள். ஆவுடை தன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன். இந்தத் தெருவுல ஒரு அடுப்புகூடவா ராத்திரி தாங்கல?"

"மாமா, அது வந்து..."

"சொல்லாத. நான் கேக்கல" என்று சிரித்தார் கிழவர். "இப்ப எல்லார் வீட்டிலயும் எரியுதா?"

"எல்லார் வீட்டிலயும் எரியுது மாமா."

"அப்பச் சரி" என்றார். கண்ணை மூடினார். அவ்வளவுதான்.

செய்தி தெரிந்து காவலர் தலைவன் பாயோடு வந்தான். கெட்டவன் இல்லை, சட்டம் படித்தவன். "இவருக்கு உறவு யார்?" என்று கேட்டான். எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கொட்டினான். "இந்த வீட்டு நெருப்பு தீர்ந்தது. பாயை விரி" என்றான்.

ஆவுடை அழுதுகொண்டே தன் வீட்டுக்கு ஓடினாள். உள்ளே அவள் அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு கணம் அதையே பார்த்தாள். ஓட்டில் கங்கை அள்ளினாள். தெருவே அதிரக் கத்திக்கொண்டு வந்தாள்.

"எங்க மாமா வீட்டு நெருப்பு தீர்ந்துச்சின்னு எவம்ல சொன்னது? இந்தா எரியுது பாரு!"

தெருக்காரர்களுக்குச் சட்டென்று புரிந்தது. மாடசாமி ஓடினார், துறைமுகத்து ஆட்கள் ஓடினார்கள், மூதேவிக்குப் பயந்தவளும் ஓடினாள். வீட்டுக்கு வீடு ஓட்டில் கங்கோடு வந்து நின்றார்கள். "அவர் கொடுத்த நெருப்பு இது. இதில் சமைத்துத்தான் நாங்கள் சாப்பிட்டோம். நாங்கள் உறவு இல்லையென்றால் வேறு யார் உறவு?"

காவலர் தலைவன் பாயைச் சுருட்டி வைத்தான். அவன் படித்த சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. ராஜாவுக்கு ஆள் அனுப்பினான்.

இதோ, ராஜா வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டார். குடிசைக்குள் குனிந்து போனார். மழித்த முகம், புண் இல்லாத உடம்பு, வெளுத்த வேட்டி, சாணம் மெழுகின தரை, எல்லாவற்றையும் பார்த்தார். வெளியே வந்து ஆவுடையிடம் கேட்டார்:

"அம்மா, என் சத்திரத்தில் எல்லாம் இருந்ததே. இவர் ஏன் வரவில்லை?"

"மகராசா, அங்கே எல்லாம் இருந்துச்சு. அவர்கிட்ட வந்து ஒண்ணு குடுங்கன்னு கேக்கத்தான் ஆள் இல்ல."

ராஜா கீழே கிடந்த ஒரு சட்டி ஓட்டை எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் நெருப்பு தாருங்கள். என் சத்திரத்து அடுப்பு இதில் எரியட்டும்."

ஆவுடை ஒரு கங்கை எடுத்து வைத்தாள். "வெறுங்கையோட வாங்கக் கூடாது மகராசா" என்றாள். ஆமாம், ராஜாவிடமே சொன்னாள்! ராஜா சிரிக்கவில்லை. ஒரு விறகை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

எல்லா வீட்டுக் கங்கும் ஒரே சட்டியில் சேர்ந்தது. அவரோடு மூட்டை சுமந்தவர்கள் கொம்பையாவைச் சுமந்தார்கள். கொள்ளிச் சட்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி மாறிப் போனது. ஒரு பிள்ளையும் இல்லாதவருக்கு ஒரு தெருவே கொள்ளி வைத்தது. ராஜா சுமந்துவந்த விறகும் சிதையில் எரிந்தது.

அதன் பிறகு ராஜா சத்திரத்து ஆட்களை வீடு வீடாக அனுப்பினார். பல்லக்கு இல்லை, தமுக்கு இல்லை. ஆதரவில்லாமல் படுத்திருப்பவர் எவராயினும் அவர் கூரைக்குக் கீழேயே போய்ப் பார்த்தார்கள். போகிறவர் கையில் மருந்து இருக்கும், துணி இருக்கும், அரிசி இருக்கும். வாசலில் நின்று முதலில் சொல்கிற வார்த்தை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: "ஐயா, கொஞ்சம் நெருப்பு தாங்க."

அந்தப் பட்டணம் இப்போது இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது என்கிறார்கள். நெருப்பு கேட்டு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. போகட்டும். நீங்கள் சாகக் கிடப்பவர் வீட்டுக்குப் போனால் இதை மட்டும் மறக்காதீர்கள்:

இல்லாதவரின் கடைசி நாளில் அவர் வீட்டுக்கே போய் உதவி செய்யுங்கள், ஆனால் அவர் தலை குனியாதபடி அவரிடமும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.