ஜவ்வாது மலையில் ஒரு பாலம்

வேலூரில் ஜெசிந்தா என்றொரு பெண் இருந்தாள். வயது முப்பத்தாறு. பதினோரு முறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு பைக்கில் லடாக் போய் வந்தவள். அவள் பின்னால் போனவர்கள் எல்லோரும், பத்திரமாகத் திரும்பி வந்ததாலோ என்னவோ, அவளை 'கேப்டன்' என்றே கூப்பிட்டார்கள்.

அவளிடம் தொழில் கற்றவர்களில் மூத்தவர் தணிகாசலம். ஐம்பத்தொன்பது வயது. நில அளவைத் துறையில் இருபத்தொன்பது வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வளைவில் எங்கே பார்க்க வேண்டும், சரளையில் பிரேக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக அவளிடம் பாடம் கேட்டார். மகள் வயதுக்காரி. ஆனாலும் அவள் பேசும்போது ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் கேட்பார்.

அந்த மாசியில் ஜெசிந்தா அவரிடம் சொன்னாள்.

"ஜூன்ல இமயமலைப் பக்கம் ஸ்பிட்டிக்கு ஆறு பேர் போறாங்க. நான் வரல. நீங்க கூட்டிட்டுப் போறீங்க."

தணிகாசலம் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தன்னையறியாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

ஒரு வாரம் கழித்து ஒரு நோட்டோடு வந்தார். பைக்கில் மாட்டுகிற ஜிபிஎஸ் கருவிகள் ஒன்பதை அதில் அலசியிருந்தார். பேட்டரி எத்தனை மணி நேரம், நெட்வொர்க் இல்லாத இடத்தில் மேப் வருமா, மேடு பள்ளத்தில் குலுங்கினால் தாங்குமா என்று பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டிருந்தார்.

ஜெசிந்தா கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தாள்.

"நல்லா அளந்திருக்கீங்க, சார்."

"அளக்கறதுல நம்மள யாரும் குறை சொன்னதில்ல, கேப்டன். எதை வாங்கட்டும்? அதைச் சொல்லுங்க."

அவள் மேஜை டிராயரைத் திறந்து தன் பழைய கருவியை எடுத்தாள். திரையெல்லாம் கீறல்.

"ஞாயித்துக்கிழமை இதை மாட்டிக்குங்க. அந்த ஆறு பேரையும் என்னையும் ஜவ்வாது மலை மேல ஜமுனாமரத்தூருக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் கடைசி வண்டி."

"எதை வாங்கறதுன்னு கேட்டேனே?"

"போயிட்டு வந்து பேசுவோம்."

ஞாயிறு காலை தணிகாசலம் முன்னால் போனார். ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கண்ணாடியைப் பார்த்தார். ஆறு ஹெட்லைட். அதற்கும் பின்னால் ஏழாவதாக ஒன்று, அது கேப்டனுடையது. அவர் இடது கையைத் தூக்கினால் ஏழு வண்டியும் வேகம் குறைத்தன. நெஞ்சு விம்மியது. இத்தனை வருஷம் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக வயலில் நடந்த மனிதர். இப்படி ஒரு வரிசை அவர் பின்னால் வந்ததே இல்லை.

பாதி மலையில் சாலை இரண்டாகப் பிரிந்தது. பிரிவில் ஒரு டீக்கடை. தார்ச்சாலை வலது பக்கம் போனது. கருவி இடது பக்கம் ஒரு கோட்டைக் காட்டியது. அந்த வழியில் போனால் ஒன்பது கிலோமீட்டர் மிச்சமாகும் என்றது.

டீக்கடைக்காரர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். தணிகாசலம் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு இடது பக்கம் திரும்பினார்.

இரண்டு கிலோமீட்டரில் தார் முடிந்தது. பிறகு ஜல்லி. பிறகு அதுவும் இல்லாமல் மண்ணும் கல்லுமாக இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஓரத்தில் ஒரு பெண் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வண்டிகளைப் பார்த்ததும் நடுப்பாதைக்கு வந்து நின்றுகொண்டாள்.

"எங்க போறீங்க? பாலம் ஐப்பசியிலயே போச்சுங்களே!"

தணிகாசலம் திரையைக் காட்டினார். "மேப்ல பாலம் இருக்கேம்மா."

"மேப்ல இருக்கும். ஆத்துல இல்ல."

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். தணிகாசலத்துக்குக் காது சுட்டது. உன் வேலி இரண்டடி தள்ளியிருக்கிறது என்று எத்தனையோ பேரிடம் சொன்னவர். நீ தப்பு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். அடுத்த வளைவைத் தாண்டியதும் பாதை கத்தியால் நறுக்கியது போல முடிந்திருந்தது. இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. கீழே இருபதடிக்குப் பாறையும் காய்ந்த மரங்களும். வளைவிலிருந்து விளிம்பு வரை அவர் தன் நடையில் அளந்தார். எட்டு அடி. அந்தப் பெண் குறுக்கே வராமல் இருந்திருந்தால், இந்த வளைவில் வண்டி நின்றிருக்காது.

பிறகு திரும்பி மேலே வந்தார்.

'கருவி தப்பாகக் காட்டிவிட்டது' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அது பொய்யும் இல்லை. அதை விழுங்கிக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"பாலம் இல்ல. டீக்கடைக்காரர் சொல்லப் பாத்தாரு, நான் நிக்கல. இந்த வழில கூட்டிட்டு வந்தது என் தப்பு. திரும்புறோம்."

பிறகு பிரதாப் என்ற இளைஞன் பின்பக்கம் திரும்பினான்.

"கேப்டன், இனிமே நீங்க முன்னாடி போங்களேன்."

ஆறு பேரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

ஜெசிந்தா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "நான் இன்னிக்குக் கடைசி வண்டி, பிரதாப். சார் என்ன சொல்றாரோ அதைச் செய்" என்றாள்.

தணிகாசலம் நிமிர்ந்தார்.

"எல்லாரும் இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஒவ்வொரு வண்டியாத் திருப்பலாம். பள்ளத்துப் பக்கம் நான் நிக்கறேன். வேற யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது."

அந்த இறக்கத்தில் இருநூறு கிலோ வண்டியைத் திருப்புவது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரம் எங்கே போக வேண்டும் என்று காலால் கோடு கிழித்துக் காட்டினார். நான்காவது வண்டி, ஆறு பேரில் ஒருத்தியான நஸ்ரினுடையது. அது சரிந்து பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. தணிகாசலம் தோளை முட்டுக்கொடுத்தார். பிரதாப் ஓடி வந்து முன் சக்கரத்தைப் பிடித்தான்.

"விட்றாத தம்பி."

"விடமாட்டேன் சார். நீங்க காலை நல்லா ஊனிக்குங்க."

வண்டி நிமிர்ந்தது. முக்கால் மணி நேரத்தில் எல்லா வண்டிகளும் மேல்பக்கம் பார்த்து நின்றன. தணிகாசலம் புளி பொறுக்கும் பெண்ணிடம் போய்க் கைகூப்பிவிட்டு வந்தார். வரிசையின் முன்னால் போய் வண்டியைக் கிளப்பினார். அவர் பின்னால் போக முதல் ஆளாகக் கிளவுஸை மாட்டியவன் பிரதாப்.

டீக்கடையில் நிறுத்தி வழி கேட்டார். மேலே இரண்டு இடத்தில் மறுபடி கேட்டார். ஜமுனாமரத்தூர் போய்ச் சேர மணி மூன்றாகிவிட்டது. ஓட்டலில் சோறு மிச்சமிருந்தது பெரும் புண்ணியம்.

ஆறு பேரையும் உட்கார வைத்துவிட்டு, தணிகாசலம் வெளியே குழாயடியில் தோள் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா கை கழுவ வந்தாள்.

"கேப்டன், பாலம் போனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா பிரிவுலயே உங்களை மறிச்சிருப்பேன். ஆறு உயிரை வெச்சு யாராவது பாடம் நடத்துவாங்களா?"

அவர் தோளில் மிச்சமிருந்த மண்ணைத் தேய்த்தார்.

"அப்ப அந்தப் பையன் உங்களை முன்னாடி போகச் சொன்னப்ப, ஏன் வரல?"

"அதுக்குள்ள நீங்க ஹெல்மெட்டைக் கழட்டி, 'என் தப்பு'ன்னு சொல்லிட்டீங்களே, சார்."

குழாயை மூடினார். தோளில் தண்ணீர் சொட்டியது.

"சரி. எதை வாங்கட்டும்?"

"வெயில்ல திரை தெரியணும். கிளவுஸ் போட்ட விரலால தொட்டாலும் வேலை செய்யணும். ரெண்டும் இருந்தா, உங்க நோட்டுல இருக்கற ஒன்பதுல எதுவும் சரிதான்."

"ஸ்பிட்டியில அது தப்பு வழி காட்டினா?"

ஜெசிந்தா ஓட்டல் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"இன்னிக்கும்தான் காட்டுச்சு. உள்ள பாருங்க சார், ஆறு பேரும் ரெண்டாவது சோறு வாங்கிக்கிட்டு இருக்காங்க."