சீட்டு ஒட்டிய கட்டு

எனக்குப் பொறாமை கிடையாது. ஐம்பத்தோரு வயதுவரை இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மின்வாரிய ஆபீஸில் எனக்குப் பின்னால் சேர்ந்தவன் எனக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தபோதுகூட, முதல் மாலையை வாங்கிப் போட்டது நான்தான்.

அப்புறம் சவரிமுத்து வந்தான்.

கோவில்பட்டியில் தங்கப்பழம் என்பவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. அதில் ஏழாயிரத்துச் சொச்சம் காமிக்ஸ் புத்தகங்கள். தென்மாவட்டத்தில் காமிக்ஸ் சேர்க்கிற கிறுக்கர்கள் எல்லாருக்கும் அவர்தான் வாத்தியார். புத்தகத்தை எப்படி அடுக்குவது, எப்படிக் காப்பாற்றுவது என்று அவரிடம்தான் வந்து கேட்பார்கள். என்னைவிட நாலு வயது சின்னவர். அதனால் என்னை ‘சார்’ என்பார். நான் அவரை ‘வாத்தியாரே’ என்பேன்.

பதினோரு வருஷமாக நான் அவருடைய சீடன். அவர் அப்படிச் சொன்னதில்லை, நானாகச் சொல்லிக்கொள்வதுதான்.

வருஷா வருஷம் பங்குனியில் எல்லாப் புத்தகத்தையும் இறக்குவோம். தூசி தட்டிக் காற்றாட வைப்போம். தொடர் வாரியாகப் பிரித்து, நம்பர் வரிசையில் அடுக்கி, இருபத்தைந்து புத்தகத்துக்கு ஒரு கட்டாகப் பருத்திக் கயிற்றில் கட்டுவோம். ரப்பர் பேண்ட் போட்டால் அட்டையைக் கடித்துவிடும். கட்டி முடித்ததும் மேலே ஒரு சீட்டு. ‘பார்த்தாச்சு’ என்று எழுதி, பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

சீட்டு ஒட்டிய கட்டை அடுத்த பங்குனி வரை யாரும் பிரிக்கக் கூடாது. அது வாத்தியாரின் சட்டம். பிரித்தால் கையெழுத்துப் போட்டவனை நம்பவில்லை என்று அர்த்தம்.

இந்த வருஷம் மூன்று பேராக உட்கார்ந்தோம். மூன்றாவது ஆள் சவரிமுத்து. தருவைக்குளத்துக்காரன், மீன் வண்டி ஓட்டுகிறவன். வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அவனுக்கு அடுக்கத் தெரியாது. வாசிக்கத்தான் தெரியும். ஒரு கட்டை அவிழ்ப்பான், மேலே இருக்கிற புத்தகத்தைத் திறப்பான், அவ்வளவுதான், ஆள் காலி.

“வாத்தியாரே, இவனைப் பாருங்க! பீரங்கிக்குள்ள பூனையை வளக்கான்!”

“எத்தனாவது பக்கம்?”

“முப்பத்திரெண்டு.”

“இன்னும் ரெண்டு பக்கம் தள்ளு. பூனை குட்டி போடும்.”

ரெண்டு பேரும் சிரிப்பார்கள். வாத்தியார் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார். பதினோரு வருஷத்தில் என்னோடு அவர் ஒரு தடவை அப்படிச் சிரித்தது கிடையாது.

ஏழாயிரம் புத்தகத்துக்கும் நான் அட்டவணை எழுதியிருக்கிறேன். நாலு நீள நோட்டு, மூன்று வருஷ உழைப்பு. அதைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தபோது வாத்தியார் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மூடிவைத்தார்.

“சரி,” என்றார்.

அவ்வளவுதான்! சரி!

இந்த மீன் வண்டிக்காரன் ஒரு புத்தகத்தில் குத்தியிருந்த பின் துருப்பிடித்திருப்பதைப் பார்த்துச் சொன்னான். அதற்கு, “நல்ல கண்ணுப்பா உனக்கு” என்றார். அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போனேன். “புளியோதரை பிடிக்கலையா?” என்று என் மனைவி கேட்டாள். தலைவலி என்றேன்.

வியாழக்கிழமை வாத்தியார் ஒரு விஷயம் சொன்னார்.

“வீட்டுக்காரிக்கு ஒடிசாவுக்கு மாத்தல் வந்திருக்கு. பேங்க்ல வேற வழியில்லைன்னுட்டாங்க. மூணு வருஷம். நானும் போறேன். கடையை மச்சான் பாத்துக்குவான். இந்த அறைச் சாவியை உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டக் குடுத்துட்டுப் போவேன். ஞாயித்துக்கிழமை சொல்றேன்.”

சவரி, “மூணு வருஷமா?” என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

“ஹென்றி வரிசை இன்னும் பாக்கி இருக்கு. சவரி, அதை நீ அடுக்கு.”

‘ஒற்றைக்கண் ஹென்றி’ அந்த அறையின் மகுடம். கடற்கொள்ளைக்காரன் கதை, மொத்தம் எண்பது நம்பர். அதில் நாற்பத்தாறாம் நம்பர் அச்சான வாரம் அச்சகத்துக்குள் வெள்ளம் புகுந்து கிட்டத்தட்ட எல்லாப் பிரதியும் நாசமாய்ப் போனது. எங்களுக்குத் தெரிந்து யாரிடமும் அது கிடையாது, இந்த அறையைத் தவிர. பதினோரு வருஷமாக அந்த வரிசையைத் தொட்டு அடுக்கியவன் நான்.

“வாத்தியாரே, ஹென்றி நான் பாக்குறதாச்சே,” என்றேன்.

“நீங்க தில்லை வரிசையைப் பாருங்க, சார்.”

‘துப்பறியும் தில்லை’. நூறாவது நம்பருக்குப் பிறகு எழுதியவருக்கே என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் போன தொடர். அதன் கடைசிக் கட்டை யாரும் இரவல்கூடக் கேட்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாத்தியார் கடைக்கு இறங்கிப் போனார். சவரி கை கழுவப் போனான். அவன் பாதி அடுக்கி வைத்திருந்த ஹென்றி வரிசையிலிருந்து நாற்பத்தாறை உருவினேன்.

புத்தகம் தொலைவதற்கு மூன்று வழிகள் உண்டு, எங்களுக்கு அது மனப்பாடம். நம்பர் புரண்டு நாற்பத்தாறு அறுபத்து நாலுக்குப் பக்கத்தில் போகும். ஒல்லிப் புத்தகம் தீபாவளி மலர் எதற்குள்ளாவது நுழைந்துகொள்ளும். அட்டை நிறம் ஒன்றாக இருந்தால் வேறு தொடரில் போய் ஒண்டிக்கொள்ளும். இந்த மூன்று இடத்திலும் சவரி தேடிவிடுவான். அவன் தேடாத இடம் எனக்கு வேண்டும்.

தில்லையின் கடைசிக் கட்டு என் பக்கத்தில் இருந்தது. கட்டியாயிற்று, சீட்டு ஒட்டியாயிற்று, என் கையெழுத்தும் போட்டாயிற்று. கயிற்றைத் தளர்த்தினேன். நாற்பத்தாறைப் புதுப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதுகு வளையாமல் இருக்க அட்டை ஒன்றும் கொடுத்து, நடுவில் செருகினேன். பூச்சி வராமல் ஒரு துண்டு வசம்பும் வைத்தேன். பழைய முடிச்சையே போட்டேன்.

சாயங்காலம் சவரியின் குரல் கேட்டது. “அண்ணே, நாப்பத்தாறு எங்கண்ணே?”

“உன்கிட்டதானே இருந்துச்சு?”

“ஆமாண்ணே. காலையில பாத்தேன். மாதாவே, காலையில பாத்தேனே!”

சனிக்கிழமை முழுக்கத் தேடினான். வண்டிக்குப் போகவில்லை. அறுபத்து நாலைப் பார்த்தான். தீபாவளி மலர்களை ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். அலமாரியை நகர்த்தி, தரையோடு தரையாகப் படுத்துக் கை விட்டுத் துழாவினான். சட்டை முழுக்க ஒட்டடை. நானும் கூடவே தேடுகிற மாதிரி நடித்தேன். மனசுக்குள் எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் ஆனதும், “அண்ணே, சீட்டு ஒட்டின கட்டையும் பிரிச்சுப் பாத்துருவமா?” என்றான்.

“வாத்தியார் சட்டம் தெரியாதா? என் கையெழுத்துமேல உனக்குச் சந்தேகமா?”

“ஐயையோ, அப்படி இல்லண்ணே.” கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

வாத்தியார் ஒரு பக்கமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “எங்க போயிருக்கும் சார்?” என்றார்.

“பொறுப்பில்லாத கை பட்டா எங்க வேணா போகும்,” என்றேன்.

“சரி,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சவரி எனக்கு முன்னாலேயே வந்து வாத்தியார் எதிரில் நின்றுகொண்டிருந்தான். ராத்திரி தூங்காத முகம்.

“வாத்தியாரே, தொலைச்சது நான்தான். வாசிச்சுக்கிட்டே எங்கயோ வச்சுட்டேன் போல. உங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை. சாவியை அண்ணன்கிட்டக் குடுங்க. இந்த அறையில அண்ணன் அளவுக்கு யாருக்கு என்ன தெரியும்? அவர் இருந்தா ஒரு தாள் போகாது.”

என் சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்த வார்த்தைகளைத்தான் பதினோரு வருஷமாகக் கேட்கக் காத்திருந்தேன். போயும் போயும் இவன் வாயிலிருந்தா வர வேண்டும்!

வாத்தியார் எழுந்தார். நேராகத் தில்லை அலமாரிக்குப் போனார். கடைசிக் கட்டை எடுத்தார். என் கையெழுத்துப் போட்ட சீட்டைப் பிய்த்தார். கயிற்றை அவிழ்த்து, நடுவிலிருந்து நாற்பத்தாறை உருவினார்.

சவரி கத்தியே விட்டான். “மாதாவே! எப்படி வாத்தியாரே?”

“இங்க வந்து உக்காந்திருக்கு. நீ போய் மூணு டீ சொல்லி, கையோட வாங்கிட்டு வாப்பா.”

“இது எப்படி இங்க...”

“டீ வாங்கிட்டு வா.”

அவன் குதித்துக்கொண்டு இறங்கினான். யார் வைத்தது என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன்.

வாத்தியார் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் இருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார். வசம்பை எடுத்து முகர்ந்தார்.

“தொலைஞ்ச புத்தகம் இவ்வளவு பத்திரமா இருந்து நான் பாத்ததில்லை,” என்றார்.

நான் தரையில் உட்கார்ந்தேன்.

“எப்பத் தெரியும்?” என்றேன்.

“வெள்ளிக்கிழமையே.”

“பின்னே ஏன் சொல்லலை? ரெண்டு நாள் அவனை அழ விட்டீங்களே!”

“நீங்களே திருப்பி எடுத்து வைப்பீங்கன்னு பாத்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “பதினோரு வருஷம், வாத்தியாரே! நாலு நோட்டு எழுதினேன். ‘சரி’ன்னீங்க. அவன் ஒரு துருப்பிடிச்ச பின்னைப் பாத்தான், நல்ல கண்ணுங்கிறீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் முத்து உதிர்ந்துருமா?”

அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து எனக்கும் அவருக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

“எடுத்துக்குங்க.”

“எனக்கா?”

“உங்களுக்குத்தான். வியாழக்கிழமையே முடிவு பண்ணிட்டேன். அவனுக்கு நீங்க சொல்லிக்குடுக்கணும்னுதான் ஹென்றி வரிசையை அவன் கையில குடுத்தேன்.”

“இவ்வளவு செஞ்ச பிறகுமா?”

“இந்த அறையை உங்க அளவுக்குத் தெரிஞ்ச ஆள் வேற யாரு?”

கையை நீட்டினேன். ஆமாம், நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. சாவிக்கு ஒரு சாண் மேலே கை இருக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“என் கையெழுத்துப் போட்ட கட்டு இந்த அறையில நூத்துக்கு மேல இருக்கு. இந்தக் கட்டுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கண்டுபிடிக்கலை, சார். நானா இருந்தா எங்க வைப்பேன்னு யோசிச்சேன். போய்ப் பாத்தேன், இருந்துச்சு.”

“நீங்களா?”

“இந்தப் புத்தகத்துல பாதி என்னோட வாத்தியார் சேத்தது. அவருக்கு நான் ஒம்பது வருஷம் அடுக்கினேன். பத்தாவது வருஷம் ஒரு ஆள் வந்தான். சவரி மாதிரிதான், வாசிச்சு வாசிச்சுச் சிரிப்பான். அவரும் கூடச் சேந்து சிரிச்சார்.”

அவர் கதை சொல்கிற ஆள் இல்லை. நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார்.

“ஒரு புத்தகத்தை எடுத்து, யாரும் பிரிக்காத கட்டுக்குள்ள வச்சேன். அவன் தேடினான். தேடி முடியாம, ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். அப்புறம் எங்க வாத்தியார் என் முகத்தைப் பாத்துச் சிரிக்கவே இல்லை.”

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கீழே சவரியின் குரல் கேட்டது. டீக்கடைக்காரரிடம், ஒன்றுக்குச் சர்க்கரை குறைத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தான். சர்க்கரை குறைவு எனக்கு.

“அந்த அறைச் சாவி யாருக்குக் கிடைச்சது, வாத்தியாரே?”

வாத்தியார் நாற்பத்தாறை என் மடியில் வைத்தார்.

“எனக்குத்தான். இருபத்திரெண்டு வருஷமாச்சு. இன்னிக்கும் இந்த அறைக்குள்ள யார் நுழைஞ்சாலும், முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி அவங்க கையைத்தான் பாக்குறேன்.”