இழுக்கும் பெட்டி

போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்த வீரபாகு, தன் ஜீப் என்ஜினின் இழுவையைக் கூட்ட ஒரு சின்னப் பெட்டியை வாங்கி மாட்டினார். பெட்டி பொய்க்கவில்லை. டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு ஜீப் மூச்சுவாங்காமல் மலையேறியது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

"செசிலி, நாளைக்கு ரெண்டு மடங்கு மூட்டை ஏத்தி, ஒரே நடையில கீழ கொண்டுபோயிடு" என்றார் ஜீப் ஓட்டுகிறவளிடம்.

"பிரேக் தாங்காது முதலாளி."

"பெட்டி மாட்டின வண்டிக்கு இதெல்லாம் ஒரு பாரமா? பயமா இருந்தா வேலையை விடு. நான் குடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணு."

செசிலி கணக்குப் போட்டுப் பார்த்தாள். போனால் உயிர், போகாவிட்டால் வீடு.

மறுநாள் மூட்டைகள் ஏறியதும், ஆட்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்: "இப்படி ஒரு வண்டி இறங்குறதை ஊரே பார்க்கப்போகுது. முன்சீட்டுல நீங்க உட்கார்ந்தாத்தானே முதலாளி பெருமை?"

வீரபாகு மீசையைத் தடவிக்கொண்டு ஏறினார். தோட்டத்து வாசலிலேயே, இறக்கம் தொடங்குமிடத்தில், செசிலி வண்டியை நிறுத்தினாள்.

"ஒரு சந்தேகம் முதலாளி. பெட்டி இழுக்கும், பார்த்தாச்சு. பாரம் பின்னாலிருந்து தள்ளினா, பிடிச்சு நிறுத்துமா?"

வீரபாகு பள்ளத்தைப் பார்த்தார். திரும்பி மூட்டைகளைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

"பாதியை இறக்குங்கடா!" என்று ஆட்களிடம் கத்தினார். "ரெண்டு நடைன்னு நேத்தே சொன்னேனே, யார் காதுலயாவது விழுந்துச்சா?"

"எனக்கு விழுந்துச்சு முதலாளி" என்றாள் செசிலி.