பி.டி. பீரியட் மசோதா

ஏகாம்பரம் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, பி.எட். படித்து, நரை விழுந்த பிறகு அந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சமூக அறிவியல் நடத்த வந்தவர். தலைமை ஆசிரியை மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் சிறியவர். இருந்தாலும் "நான் மேடத்துக்கு சிஷ்யன்" என்று யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் ஏகாம்பரம் முகம் வாடிப்போய்த் தலைமை ஆசிரியை அறைக்கு வந்தார்.

"மத்திய அரசு பாடம் முடிச்சிட்டேன் மேடம். கேள்வி கேட்டா கடகடன்னு ஒப்பிக்கிறாங்க. ரிஸ்வானா மட்டும் எழுந்து, 'இதெல்லாம் டெல்லியிலதானே சார் நடக்குது, நமக்கென்ன'ன்னு கேட்டா. எப்படி மேடம் புரியவைக்கறது?"

மங்கையர்க்கரசி கணக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அவங்களை ஒரு சட்டம் போடச் சொல்லுங்க."

"நாடகம் மாதிரியா?"

"நாடகம் வேணாம். இந்த ஸ்கூல்ல நிஜமா நடக்கப்போற சட்டம்."

"எதைப் பத்தி மேடம்?"

"அதையும் அவங்களே முடிவு பண்ணட்டும்."

சிஷ்யர் சந்தோஷமாகப் போனார். குருவும் சந்தோஷமாகத்தான் இருந்தார், அந்த வாரக் கடைசி வரை.

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மக்களவை ஆனது, 'ஆ' பிரிவு மாநிலங்களவை. ரிஸ்வானாவைப் பிரதமராக்கினார்கள். எதிர்க்கட்சியில் உட்கார ஒருவரும் சம்மதிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் லோகேஷ்வரன் மாட்டிக்கொண்டான்.

மசோதா ஒரே வரிதான். வெள்ளிக்கிழமை பி.டி. பீரியடை வேறு எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது.

அந்தப் பள்ளியில் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்பவர் ஒரே ஒருவர்தான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் மங்கையர்க்கரசி. ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பிள்ளைகள் பந்தைத் தொட்டதில்லை.

இரண்டு சபையிலும் மசோதா நிறைவேறியது. ஏகாம்பரத்துக்கு வியர்த்துக் கொட்டியது. எல்லையில் நின்றபோதுகூட இப்படி வியர்த்ததில்லை என்று பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். மங்கையர்க்கரசி சாக்பீஸோடு வழக்கம்போல 'அ' பிரிவுக்குள் நுழைந்தார். ரிஸ்வானா எழுந்தாள்.

"மிஸ், இந்த பீரியடை எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டோம். ரெண்டு சபையிலயும் பாஸ் ஆயிடுச்சு."

ஏகாம்பரம் வராந்தாத் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"பாஸ் ஆனா சட்டமாயிடுமா?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

புத்தகப் பக்கங்கள் படபடவென்று புரண்டன.

"ஜனாதிபதி கையெழுத்துப் போடணும் மிஸ்."

"போட்டாரா?"

"நம்ம ஸ்கூல்ல ஜனாதிபதி இல்லையே மிஸ்."

"நீங்கதான் மிஸ்," என்றான் லோகேஷ்வரன். ஆளுங்கட்சி உடனே மேசையைத் தட்டியது. பி.டி. பீரியடுக்கு அடுத்தபடியாக இரண்டு கட்சியும் ஒத்துப்போன விஷயம் அதுதான்.

மங்கையர்க்கரசி மசோதாவை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"சரி. இன்னும் கையெழுத்தாகல. நோட்டை எடுங்க."

சாயங்காலம் ஏகாம்பரம் தலைமை ஆசிரியை அறை வாசலிலேயே நின்றார்.

"தப்பாயிடுச்சு மேடம். கிழிச்சுப் போட்டுடுங்க. பசங்களை நான் பார்த்துக்கறேன்."

"பாடத்துல என்ன நடத்துனீங்க?"

"பிடிக்கலைன்னா ஜனாதிபதி ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். மறுபடியும் பாஸ் பண்ணி அனுப்பினா, கையெழுத்துப் போட்டே ஆகணும்."

"அப்போ ஒரு தடவை திருப்பி அனுப்பறேன்."

காலாண்டுத் தேர்வில் கால்வாசி வகுப்பு கணக்கில் தேறவில்லை, அவர்களுக்கு எப்போது சொல்லித் தருவது, யோசித்துச் சொல்லுங்கள் என்று மசோதாவின் கீழே எழுதினார். எழுதும்போது அவருக்கு மனசு வலித்தது. கணக்கில் தவறி எந்தப் பிள்ளையாவது படிப்பை நிறுத்திவிடுமோ என்ற பயத்தில்தான் அவர் அந்த பீரியடை எடுத்துக்கொண்டிருந்தார். அது பிள்ளைகளுக்குத் தெரியாது.

சபை மறுபடி கூடியது. இந்தத் தடவை லோகேஷ்வரன் நிஜமாகவே எதிர்த்தான்.

"தேறாதவங்கள்ல நானும் ஒருத்தன். எனக்கு கிளாஸ் வேணும்."

"வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல உன் மண்டையில என்ன ஏறுது, சொல்லு," என்றாள் ரிஸ்வானா.

அவன் யோசித்தான்.

"ஒண்ணும் ஏறல. ஆனா கிளாஸ் வேணும்."

அன்று முழுக்கப் பேசினார்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். தேறாதவர்களுக்குக் காலை மணி அடிக்கும் முன்பு கணக்கு வகுப்பு வைக்கலாம். அந்த வரியைச் சொன்னவன் லோகேஷ்வரன். மாநிலங்களவையும் ஒப்புக்கொண்டது.

மங்கையர்க்கரசி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மைதானத்தில் புழுதி பறந்தது. ஓடிக்கொண்டிருந்த ரிஸ்வானாவை ஏகாம்பரம் கூப்பிட்டார்.

"என்னம்மா, இப்பவும் டெல்லியிலதான் நடக்குதா?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பந்து வந்துவிட்டது. ஓடிப் போனாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

அரையாண்டுத் தேர்வு வந்தது. திங்கட்கிழமை கணக்கு. அதற்கு முந்தின வெள்ளி, கடைசி பீரியடில் லோகேஷ்வரன் இன்னும் சில பேரைக் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்கு வந்தான்.

"மிஸ், இன்னைக்கு மட்டும் இந்த பீரியட்ல கணக்கு எடுங்க. பயமா இருக்கு."

மங்கையர்க்கரசியின் கை தானாகவே சாக்பீஸ் டப்பாவுக்குப் போனது. பிறகு அதை மூடி வைத்தார்.

"ஸ்கூல் விட்டதும் வாங்கப்பா. எவ்வளவு நேரமானாலும் இருந்து சொல்லித் தரேன். இப்போ போய் விளையாடுங்க."

அவர்கள் போனார்கள். பக்கத்தில் நின்ற ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை.

"பசங்களே வந்து கேக்கறாங்க மேடம். ஒரு நாள்தானே. பட்டாளத்துல ஆர்டர் போட்டவரே அதை நிறுத்தியும் வைக்கலாம்."

"ஆர்டர் நான் போடலையே சார். கையெழுத்து மட்டும்தான் என்னோடது."